மலைக்கு மடங்காத மடக்கு சைக்கிள்

மடக்கு சைக்கிள் வாங்கப்போகிறீர்களா? கோலாலம்பூர் கடைவாசலில், சமதரையில் இரண்டு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டிவிடாதீர்கள். அதே சைக்கிளை வைத்திருக்கும் கூட்டாளி யாராவது இரவல் கொடுத்தால் கேமரன் மலைக்குக் கொண்டுவாருங்கள். திரிங்காப்பில் இறக்கி விரியுங்கள். அங்கிருந்து கியா பார்முக்கு ஏறுங்கள். ஏறியதும் திரும்பி இறங்குங்கள். அவ்வளவுதான். ஏறும்போது கியரின் லட்சணம் தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக்கும் மூட்டும் தங்கள் யோக்கியதையைக் காட்டிவிடும்.

நான் ஈப்போக்காரி. அண்ணன் குடும்பம் திரிங்காப்பில் இருக்கிறது. பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் தக்காளியும் குடைமிளகாயும் போடுகிறார்கள். சிம்பாங் பூலாயில் ஏறி, கம்போங் ராஜா, கோலா தெர்லா தாண்டினால் அண்ணன் வீடு. அதுவரைக்கும் நிம்மதியான பயணம்தான். அதற்கு மேலேதான் வினை. பள்ளி விடுமுறையில், அதுவும் சனிக்கிழமையில், திரிங்காப்பிலிருந்து பிரிஞ்சாங்குக்குக் காரில் கிளம்புகிறவர்களுக்கு என் அனுதாபத்தை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். போக ஒரு தடம், வர ஒரு தடம். நடுவில் கியா பார்ம் சந்தை. அவித்த சோளம் வாங்க ஒரு கார் நிற்கும்; அதன் பின்னால் ஒரு டூர் பஸ் நிற்கும்; அதன் பின்னால் மொத்த சிலாங்கூரும் நிற்கும். ஒரு தே தாரிக் குடிக்கக் கிளம்பியவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவார்.

அந்த வரிசையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, கார்க் கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்குக் கையாட்டிக்கொண்டே மேலே போகிற சுகம் இருக்கிறதே! அதை எனக்குத் தந்தது என் பேர்டி மடக்கு சைக்கிள். ஈப்போவிலிருந்து வரும்போது மைவி காரின் பின்பெட்டியில், காய்கறிக் கூடைக்கும் மாற்றுத் துணிப் பைக்கும் பக்கத்தில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டு வரும். திரிங்காப் வந்ததும் காரை அண்ணன் வீட்டு வாசலில் போட்டுவிடுவேன். திங்கள் காலை வரை அந்தச் சாவிக்கு வேலையே இல்லை.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அண்ணன் சிரித்தார். "என்னா பாப்பா, இத்துனூண்டு சக்கரத்த வெச்சிக்கிட்டு கியா பார்ம் வரைக்கும் போவியா? ஏறாது லா."

"நீங்க உங்க லேண்ட் ரோவர்ல வாங்கண்ணே. மேல பார்ப்போம்" என்றேன்.

அது ஒரு விடுமுறைச் சனிக்கிழமை. மீதியை நான் சொல்ல வேண்டுமா? அவர் வந்து சேர்ந்தபோது நான் சோளம் தின்று முடித்துவிட்டு, அண்ணிக்கு ஸ்ட்ராபெரி பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கேமரனின் அந்தப் பழைய லேண்ட் ரோவர்கள் எந்தச் சேற்றிலும் ஏறும், எந்தப் பள்ளத்திலும் இறங்கும். டூர் பஸ்ஸைத் தாண்டிப் பறக்க அவற்றுக்கும் தெரியாது.

சரி, சைக்கிளுக்கு வருவோம். இத்தனை பிராண்டுகள் இருக்கின்றனவே, எது எதற்கு நல்லது என்று என்னைக் கேட்கிறவர்கள் எல்லாரும் எடையையும் விலையையும்தான் முதலில் கேட்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: மூட்டு எங்கே இருக்கிறது? மடக்கு சைக்கிளை வடிவமைக்கிறவன் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதுதான். சக்கரத்தின் அளவு, ஓட்டத்தின் குணம், மடித்தபின் வரும் பருமன், எல்லாமே அந்த ஒரு முடிவின் பிள்ளைகள்.

டாஹோனில் மூட்டு சட்டத்தின் நடுவில். லாக்கைத் திறந்தால் சைக்கிள் புத்தகத்தை மூடுவதுபோல மூடிக்கொள்ளும். சக்கரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஹேண்டில் தண்டு கீழே சாயும், சீட்டுத் தண்டு உள்ளே இறங்கும். இதில் மர்மம் எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகூட ஒரு முறை பார்த்தால் மடித்துவிடும். இதைக் கொண்டுவந்தவர் டேவிட் ஹோன். அமெரிக்காவில் ஹியூஸ் விமான நிறுவனத்தில் லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இயற்பியலாளர். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கராஜில் மடக்கு சைக்கிள் செய்ய உட்கார்ந்தார். 1982-இல் சகோதரர் ஹென்றியோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார். லேசரை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு வந்த அந்த மனிதருக்கு என் கும்பிடு.

பிறகு நடந்தது நம் தொலைக்காட்சித் தொடர்களுக்கே கதை கொடுக்கும். 2011-இல் அவர் மனைவி ஃபுளோரன்ஸும் மகன் ஜோஷுவாவும் பிரிந்துபோய் டெர்ன் என்று தனிப் பிராண்டு தொடங்கினார்கள். விவகாரம் வழக்குவரை போனது. குடும்பச் சண்டையில் நமக்கென்ன என்கிறீர்களா? லாபம் நமக்குத்தான். அதே நடுமூட்டு வழியில் போனாலும், டெர்ன்காரர்கள் மூட்டின் இறுக்கத்தையே தங்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு இளம் தம்பதி ஆளுக்கொரு டெர்ன் வைத்திருக்கிறார்கள். அவர்களுடையதை இரவல் வாங்கிக் கோலா தெர்லா பக்கம் இறங்கிப் பார்த்திருக்கிறேன். வேகத்தில் ஹேண்டில் தண்டு துளியும் ஆடுவதில்லை. கையில் பிடித்திருப்பது மடங்குகிற பொருள் என்பதே மறந்துபோகிறது. அடடா!

டாஹோன், டெர்ன் இரண்டுக்கும் மலைநாட்டில் ஒரு பெரிய பலம் உண்டு, அது டயர். பெரும்பாலான மாடல்களில் 20 அங்குலச் சக்கரம். டயரின் பக்கவாட்டில் 406 என்ற எண் இருக்கும். பிள்ளைகளின் பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்கும் அதே அளவுதான். ஆகவே பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ தருவிக்க வேண்டாம். சாதாரணச் சைக்கிள் கடையிலேயே டியூப் கிடைத்துவிடும். ஒரே எச்சரிக்கை: 20 அங்குலம் என்று சொல்லிக்கொண்டு 451 என்று இன்னோர் அளவும் இருக்கிறது. கொஞ்சம் பெரிய வட்டம், மெலிந்த டயர். 406-இன் டயர் 451-க்குப் பொருந்தும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

நடுமூட்டின் பலவீனம் செயின். மடித்தபின் அது வெளிப்பக்கம் இருக்கும். தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினால் சுரிதாரில் கறுப்புக் கோடு விழும். எங்கள் குழுவில் டாஹோன் வைத்திருக்கும் மருத்துவமனை சிஸ்டர் ஒருவர், வெள்ளைச் சீருடையோடு அதைத் தூக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

பிராம்ப்டனுக்கு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. அங்கேதான் ஆண்ட்ரூ ரிச்சியின் மூளை தெரிகிறது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துவிட்டு லண்டனில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பிக்கர்ட்டன் என்ற அலுமினிய மடக்கு சைக்கிளைப் பார்த்ததும், இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. 1975-இல் தன் அறையிலேயே வேலையைத் தொடங்கினார். ஜன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் ஓரட்டரி என்ற தேவாலயம். அதன் பெயரையே சைக்கிளுக்கு வைத்துவிட்டார். அவர் பின்சக்கரத்தை முழுசாகச் சட்டத்துக்கு அடியில் முன்னால் சுழற்றிவிடுகிறார். பிறகு முன்சக்கரத்தை நடுமூட்டில் மடித்துப் பக்கத்தில் சேர்க்கிறார். ஹேண்டில் சாய்கிறது. கடைசியில் சீட்டுத் தண்டை இறக்கினால், அதுவே பூட்டாகி மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறது. செயின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது! எண்ணெய் படிகிற பொருள் உள்ளே, சுத்தமான பொருள் வெளியே. மடித்தபின் தடிமன் 27 செ.மீ.தான். இதற்கு மேல் என்ன வேண்டும்? கடையில் பசியாறும்போது காலுக்கடியில் வைத்துக்கொள்ளலாம். பின்சக்கரத்தை மட்டும் உள்ளே தட்டிவிட்டால் தானே குந்திக்கொள்ளும், ஸ்டாண்டு வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ரிச்சி தன் வடிவத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய கம்பெனிகளில் ராலேயும் ஒன்று. ஆமாம், மலாயாத் தோட்டங்களில் கிராணிமார் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அதே ராலே. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கூட்டாளிகளிடம் பணம் திரட்டி, கையாலேயே செய்து, எண்பதுகளின் கடைசியில்தான் ஒரு தொழிற்சாலையைப் பார்த்தார். அதுவும் ரயில் பாலத்து வளைவுக்கு அடியில். 2022-இல் பத்து லட்சமாவது பிராம்ப்டன் வெளிவந்தது.

நம் பக்கத்தில் அதன் மோகம் தனிக்கதை. 2019 டிசம்பரில் இந்தோனேசியாவின் கருடா விமான நிறுவனத் தலைவர் பதவி இழந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? புத்தம்புது ஏர்பஸ் விமானத்தில் வரி கட்டாமல் கொண்டுவரப்பட்டவை ஒரு ஹார்லி டேவிட்சனும் இரண்டு பிராம்ப்டன்களும். ஹார்லியோடு சரிசமமாக ஒரு சைக்கிள் கடத்தப்பட்டது என்றால் அதன் மவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள்! (கடத்தலை நான் ஆதரிக்கவில்லை, ஐயா. ரசனையை மட்டும் பாராட்டுகிறேன்.)

காப்புரிமைக் காலம் முடிந்துபோனதால் அதே மூன்று மடிப்பு இப்போது பல பெயர்களில் ஓடுகிறது. த்ரீசிக்ஸ்டி, இந்தோனேசியாவின் பைக்ஸ் என்று மலேசியச் சாலைகளில் நிறையப் பார்க்கலாம். பிராம்ப்டனைவிட வெகுவாக விலை குறைவு. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் குழுவில் கச்சேரிதான். பிராம்ப்டன் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "காப்பியடிச்சவனுக்கு மார்க் போட முடியாதும்மா" என்பார். ஐரோப்பிய நீதிமன்றம்வரை இந்தக் கேள்வி போயிருக்கிறது. கொரிய நிறுவனம் ஒன்றின் செடெக் என்ற சைக்கிளை எதிர்த்து ரிச்சியும் பிராம்ப்டனும் போட்ட வழக்கில், 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. ஒரு பொருளின் வடிவம் அதன் வேலைக்குத் தேவையானது என்பதாலேயே பதிப்புரிமை இல்லாமல் போய்விடாது. வடிவமைத்தவரின் சொந்தப் படைப்புத் தேர்வு அதில் வெளிப்பட்டால் உரிமை உண்டு என்றது நீதிமன்றம். மடிகிற ஒரு சைக்கிளைப் படைப்பு என்று வாதாட முடிகிறது! அந்தத் தீர்ப்பின் சாரத்தைப் படித்த அன்று தலைமையாசிரியர் சார் எங்கள் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்தார்.

இவ்வளவு புகழ்ந்தவள் ஏன் பிராம்ப்டன் வாங்கவில்லை? காரணம் திரிங்காப். 16 அங்குலச் சக்கரம் லண்டன் ரயில் நிலையத்துக்குச் சரி. காய்கறி லோரிகள் நாள்தோறும் அரைத்த தார்ச்சாலைக்கும், மழைக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து வழிந்து வரும் செம்மண் சேற்றுக்கும், அந்தச் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியையும் கணக்கெடுத்து முதுகெலும்புக்கு அறிக்கை அனுப்புகிறது. பின்பக்கம் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கிறது, ஓரளவு தாங்கும். முன்பக்கம்? உங்கள் மணிக்கட்டுதான். 2024-இல் அவர்களே 20 அங்குலச் சக்கரத்தோடு, டிஸ்க் பிரேக்கோடு ஜி லைன் என்று ஒன்றை இறக்கினார்கள் என்றால், மலைக்காரர்களின் முனகல் அவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

சின்னச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் வேண்டும் என்பது புது ஞானம் இல்லை. அலெக்ஸ் மோல்ட்டன் 1962-லேயே சின்னச் சக்கரம், ரப்பர் சஸ்பென்ஷன் என்று சைக்கிள் செய்து உலகத்தை வாய்பிளக்க வைத்தவர். மினி காருக்கும் சஸ்பென்ஷன் போட்டவர் அவர்தான். ஆனால் மோல்ட்டன் சைக்கிள் மடங்காது. மடங்கவும் வேண்டும், குழியையும் தாங்க வேண்டும், இரண்டையும் ஒரே பொருளில் எப்படிச் செய்வது? ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் மார்க்குஸ் ரீசே, ஹைக்கோ முல்லர் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் ஒரு கராஜில் உட்கார்ந்து இதற்குக் கண்டுபிடித்த விடையைத்தான் நான் மைவியில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

கேளுங்கள். சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு அச்சில் ஆட வேண்டும். மடக்கு சைக்கிளிலும் சக்கரம் ஒரு அச்சில் சுழல வேண்டும். ஆட்டமும் அச்சில்தான், மடிப்பும் அச்சில்தான் என்றால், இரண்டுக்கும் ஒரே அச்சு போதாதா? போதும் என்றார்கள் அந்த இருவரும். பேர்டியில் பின்சக்கரத்தின் கை எந்த அச்சில் ஆடுகிறதோ, கொக்கியை விடுவித்தால் அதே அச்சில் முழுசாகச் சுழன்று சட்டத்துக்கு அடியில் போய்விடுகிறது. முன்சக்கரமும் அப்படியே பின்னோக்கிச் சுழன்று உள்ளே போகிறது. நடுச்சட்டத்தில் வெட்டு இல்லை, கீல் இல்லை, லாக்கு இல்லை. தலையிலிருந்து சீட்டுவரை ஒரே முழு அலுமினியம்! மடக்கு சைக்கிளில் எந்த இடம் நம்மைப் பயமுறுத்துமோ அந்த இடத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது நான் கடையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

1995-இல் சந்தைக்கு வந்தது. செய்து கொடுப்பது தைவானின் பசிபிக் சைக்கிள்ஸ், ஜார்ஜ் லின் தொடங்கிய நிறுவனம். 18 அங்குலச் சக்கரம். முன்னால் சுருள்வில், பின்னால் ரப்பர் மாதிரி ஒரு எலாஸ்டோமர்க் குமிழ். நம் எடைக்கு ஏற்ற கடினத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நான் ஓட்டுவது டிஸ்க் பிரேக் வைத்த மாடல்.

அதை எடுத்துக்கொண்டு சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் போயிருக்கிறேன், போய்க்கொண்டே இருப்பேன். கியா பார்ம் பக்கத்திலிருந்து பிரிகிற அந்தத் தடம் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டிய அகலம். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம். இரண்டு பக்கமும் மலை முழுக்க வெட்டி நிறுத்திய பச்சை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு செடிமேல் நகர்த்தும் எந்திரத்தின் உறுமல். கொழுந்து வெட்டுவோரில் இன்று நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்தான் அதிகம். நம் ஆட்களின் லயங்களும் கோயிலும் இன்னும் இருக்கின்றன. தொழிற்சாலைப் பக்கம் காற்று திரும்பினால் இலை வதங்கும் வாசனை வரும். கார் ஜன்னலைத் திறந்தால் கிடைக்கிற வாசனை அதில் பாதிகூட இல்லை என்று அடித்துச் சொல்வேன். இன்னும் மேலே போனால் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பிரிஞ்சாங் சிகரம்வரை தார்ச்சாலை உண்டு. கடைசிப் பகுதியில் நான் இறங்கித் தள்ளுகிறேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

சின்னச் சக்கரம் மலை ஏறாது என்று அண்ணன் சொன்னாரே, பாதிப் பேர் நம்புவது அதைத்தான். கணக்கைப் பாருங்கள். ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதுதான் விஷயம். சக்கரத்தின் சுற்றளவை முன் பல்சக்கரத்தின் பற்களால் பெருக்கி, பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் அது கிடைத்துவிடும். பெரிய சாலைச் சைக்கிளின் சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு மிதிக்கு 2.55 மீட்டர். டாஹோன் வகையில் 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டர்; முன்னால் 52, பின்னால் 32 போட்டால் 2.44 மீட்டர். அதாவது சின்னச் சக்கரத்துக்குத்தான் ஏற்றம் லேசு! போதாததற்குச் சக்கரத்தின் எடையும் குறைவு. நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பும். சந்தை நெரிசலில் நின்று நின்று போக இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே மாடல் பெயரைப் பார்க்காதீர்கள், பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்தை எண்ணுங்கள். மலிவான மடக்கு சைக்கிள் பலவற்றில் 28 பல்லோடு நின்றுவிடும். அதையே 32 ஆக்குவது பெரிய செலவில்லை. பிராம்ப்டனில் ஆறு கியர் மாடலை எடுங்கள். உள்கியர் மூன்று, பின்னால் பல்சக்கரம் இரண்டு, மொத்த வீச்சு 302 சதவீதம். முன்னால் 50 பல்லுக்குப் பதில் 44 கேட்டு வாங்குங்கள். மூன்று கியர் பிராம்ப்டனோடு கியா பார்ம் ஏறுகிறவர்களைக் கண்டால் எழுந்து நின்று கைதட்டுவேன், பின்தொடர மாட்டேன்.

ஸ்ட்ரைடா என்று முக்கோண வடிவில் ஒன்று இருக்கிறது. மார்க் சாண்டர்ஸ் மாணவராக இருந்தபோது எண்பதுகளில் வடிவமைத்தது. செயினுக்குப் பதில் பெல்ட், எண்ணெயே வேண்டாம், பார்க்கக் கொள்ளை அழகு. ஒற்றைக் கியர் மாடலை இங்கே கொண்டுவந்தால் அழகு பார்க்க மட்டும்தான் முடியும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் செய்கிற பைக் ஃப்ரைடேயை இதுவரை தொட்டுப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. பெட்டியில் அடைத்துக்கொண்டு உலகம் சுற்றுகிறவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். யாராவது வைத்திருந்தால் திரிங்காப்புக்கு வாருங்கள், அண்ணி கையால் சாப்பாடு என் பொறுப்பு.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் நான் கவலைப்படச் சொல்வேன். பெரிய சக்கரமோ சின்னச் சக்கரமோ, மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடு ஒன்றுதான். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் அந்தச் சூடு போய்ச் சேருவது ரிம்மில். சின்ன ரிம்மில் உலோகம் குறைவு, சீக்கிரம் கொதித்துவிடும். தாப்பா பக்கமோ சிம்பாங் பூலாய் பக்கமோ முழு மலையையும் இறங்குகிறவர்கள் பிரேக்கை அமுக்கியே வைத்திருக்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு, நடுவில் நிறுத்தி ஆறவிட்டு இறங்க வேண்டும். மாலை மழை கேமரனுக்குப் புதிதல்ல. ஈர ரிம்மில் பிரேக் கட்டை முதலில் வழுக்கும், பிறகுதான் பிடிக்கும். டிஸ்க் பிரேக்குக்கு நான் ஏன் கூடுதல் காசு கொடுத்தேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். கிளம்புமுன் ஹேண்டில் தண்டின் லாக்கையும், நடுமூட்டு உள்ளவர்கள் அந்த லாக்கையும் கையால் தட்டிப் பாருங்கள். ஏறும்போது எழுந்து நின்று ஹேண்டிலைப் பிய்க்காதீர்கள். மடக்கு சைக்கிளின் நீண்ட தண்டு அதற்கானதல்ல. உட்கார்ந்து, சின்னக் கியரில், பேச்சு வராத வேகத்தைத் தொடாமல் மிதியுங்கள்.

மலாயாக்காரர்களுக்குச் சைக்கிளின் வலிமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது தனி விஷயம். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பான் படை, 1942 பிப்ரவரி 15-க்குள் சிங்கப்பூரைப் பிடித்தது. அதில் பெரும் பங்கு சாதாரணச் சைக்கிள்களுக்கு. டயர் போனால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இருட்டில் அந்தக் கடகடச் சத்தத்தை டாங்கி என்று எதிரணி நினைத்துக்கொண்டதும் உண்டு. அதே போரில் பிரிட்டிஷார் விமானத்திலிருந்து குதிக்கும் வீரர்களுக்கு என்று பி.எஸ்.ஏ. மடக்கு சைக்கிள் செய்தார்கள். 1944-இல் நார்மண்டிக் கரையில் அதைத் தோளில் சுமந்து இறங்கியவர்களின் படங்கள் இருக்கின்றன. மடக்கு சைக்கிளை விளையாட்டுச் சாமான் என்கிறவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

என் பேர்டிக்குக் குறையே இல்லையா? உண்டு. மடித்தால் பிராம்ப்டன் அளவுக்குச் சுருங்காது. கடை மேசைக்கு அடியில் அது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் குதிக்கும். 355 என்ற அதன் டயர் அளவு மலையில் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மாற்று டியூப் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. விலையைச் சொன்னால் அண்ணி மயங்கிவிடுவார். அந்தக் காசுக்குப் பழைய கஞ்சில் கார் ஒன்று வாங்கலாம். ஆனால் கஞ்சிலும் கியா பார்ம் வரிசையில்தானே நிற்கும்?

ஆகவே என் தீர்ப்பு. ரயிலும் பஸ்ஸும் அலுவலகமுமாகக் கோலாலம்பூரில் வாழ்கிறவர்களுக்கு பிராம்ப்டனை மிஞ்ச ஒன்றுமில்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், பணம் இடித்தால் த்ரீசிக்ஸ்டியைத் திறந்த கண்ணோடு வாங்குங்கள். முதல் மடக்கு சைக்கிள், அளவான பணம், எங்கே பஞ்சரானாலும் டியூப் கிடைக்க வேண்டும் என்கிறவர்களுக்கு டாஹோன். இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் டெர்ன். குழியும் மேடும் மழையுமான மலைச் சாலைக்கு, இன்றைய தேதியில், பேர்டிதான். தலைமையாசிரியர் சார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் சுங்கை பாலாஸ் போகும்போதெல்லாம் என் சைக்கிளை மாற்றிக் கேட்பவர் அவர்தான்.

எதை வாங்கினாலும் ஒரு விடுமுறைச் சனிக்கிழமை திரிங்காப் வாருங்கள். காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், பின்விளக்கை எரியவிடுங்கள், காய்கறி லோரிகளுக்கு வழிவிடுங்கள். பணம் சம்பாதிக்கப் போகிறவர்கள் அவர்கள். நாம் சோளம் தின்னப் போகிறவர்கள்.